பவானிப்பூர் குளத்தில் ஒரு வெள்ளைக்கண் வாத்து

பாகீரதி கேட்டது மைனா. அவள் புருஷன் வைத்தீஸ்வரன் வாங்கிக்கொண்டு வந்தது வாத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம், மார்கழி பிறந்த புதிது. பாகீரதிக்கு அப்போது இருபது வயது. மாயவரம் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பவானிப்பூரில் ஒரு சந்துக்குள் கீழ்ப்போர்ஷனில் குடித்தனம். வைத்தீஸ்வரன் கார்டன் ரீச்சில் ரயில்வே கம்பெனியின் தலைமை ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன். காலையில் சாப்பிட்டுவிட்டு டிராமைப் பிடிக்கக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவான். அதுவரை பாகீரதி வாய் திறந்து பேச ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வங்காளிகள். அவளுக்கு வங்காளி தெரியாது. ஊரில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆனால் ஒன்று இந்தக் கோடி, ஒன்று அந்தக் கோடி. நாள் கிழமைக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி.

டிரெட்டி பஜாரில் பேசுகிற மைனா விற்கிறார்கள், சொல்லிக் கொடுத்தால் தமிழ்கூடப் பேசுமாம் என்று அவன்தான் ஒருநாள் சொன்னான். அப்படியானால் ஒன்று வாங்கி வாருங்கள் என்று அவள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனவன், மத்தியானம் ஒரு மூங்கில் கூடையோடு வந்தான். கூடையின் வாய் சாக்குத் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தபோது உள்ளே கால் கட்டிய ஒரு கறுத்த வாத்து கழுத்தைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"இது பேசுமா?" என்று கேட்டாள் பாகீரதி.

"பேசாது" என்றான் வைத்தீஸ்வரன்.

அவன் பேசினான். கூடத்தில் உட்கார்ந்து, சாப்பாடு ஆறுவதையும் கவனிக்காமல், வெகுநேரம் பேசினான்.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து லட்சக்கணக்கான வாத்துகள் வங்காளத்து ஏரிகளுக்கு வரும். வலை வைத்துப் பிடிப்பவர்கள் அவற்றை உயிரோடு பஜாருக்குக் கொண்டுவந்து சமையலுக்கு விற்பார்கள். ஆபீஸ் நண்பன் ஒருவனோடு வேடிக்கை பார்க்கப் போன வைத்தீஸ்வரனுக்கு, அந்தக் கூண்டுகளுக்கு முன்னால் நின்றால் நகர மனம் வராமல் போயிற்று. பாலத்தின் வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும் கண்டுபிடிக்கப் பழகிய கண் அவனுடையது. எல்லாரும் ஒரே ஜாதி என்று வாங்கிப்போகும் வாத்துகளில் தலையின் நிறமும் விலாவின் வெள்ளையும் மாறிமாறி இருப்பதை அவன் பார்த்தான். சௌரங்கியில் இருக்கும் மியூசியத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாடம் செய்த பறவைகளோடு ஒப்பிட்டான். அங்கே வேலை பார்த்த நிபாரண் பாபு என்பவர் சிநேகமானார்.

நீருக்குள் முங்கி இரை தேடும் வாத்துகளில் வெள்ளைக்கண் என்று ஒரு ஜாதி உண்டு. ஆண் பறவைக்குக் கண் வெள்ளையாக இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அதிலேயே இரண்டு வகை. சாதாரண வெள்ளைக்கண் சின்னது. தலை, கழுத்து, மார்பு எல்லாம் ஒரே அரக்குச் சிவப்பு. இன்னொன்று கிழக்கே சீன எல்லையிலிருந்து வருவது, கொஞ்சம் பெரியது, தலை கறுப்பு, வெயில் பட்டால் பச்சையாக மின்னும், வயிற்று வெள்ளை விலாவில் ஏறியிருக்கும். கிழக்கத்தி வெள்ளைக்கண் என்று நிபாரண் பாபு அதைச் சொல்வார். ஆண்களையாவது ஒருவாறு பிரித்துவிடலாம். பெண்களும் குஞ்சுப் பருவம் தாண்டாதவைகளும் இரண்டிலும் பழுப்பாகவே இருப்பதால் தேர்ந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

வைத்தீஸ்வரன் வாங்கிவந்த வாத்து இரண்டிலும் சேரவில்லை. உடம்பு சின்னது. விலாவில் வெள்ளை ஏறியிருந்தது. தலை மங்கிய பழுப்பு, ஆனால் கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை. கண் வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. கலங்கிய நீர் மாதிரி இருந்தது. கடைக்காரன் கழுத்தைத் திருகிக் கொடுக்கக் கை வைத்தபோது வேண்டாம் என்று தடுத்து, உயிரோடு வாங்கிவிட்டான்.

"இது எதிலயுமே இல்லாத புது ஜாதியா இருந்தா?" என்றான். சொல்லும்போது அவன் குரல் தணிந்துவிட்டது. வருஷக்கணக்காக மற்றவர்கள் கையெழுத்துப் போடும் படங்களைத்தான் அவன் வரைந்துகொண்டிருந்தான். தன் பெயர் போட்டு ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஆசை பாகீரதிக்கு அன்றுதான் தெரிந்தது.

அதனால் மைனாவைப் பற்றி அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கே விடுவது என்று மட்டும் கேட்டாள். முற்றத்தில் சௌபாச்சா இருந்தது. குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் செங்கல் தொட்டி. அதில் விட்டான். வாத்து ஒரு முங்கு முங்கித் தொட்டி நீரையெல்லாம் வெளியே அடித்தது. மறுநாள் காலையில் தண்ணீரின் வாசனையை முகர்ந்து பார்த்த பாகீரதி, இது இங்கே ஒரு நாளும் சரிப்படாது என்று முடிவு செய்தாள். ஆனால் அதற்குள் வைத்தீஸ்வரன் ஆபீசுக்குப் போய்விட்டிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. படித்துறை கட்டிய குளம். மேலண்டை வீட்டாருக்குச் சொந்தம். அந்த வீட்டு அம்மாள் பெயர் பினோதினி என்பதும், அவள் புருஷன் வக்கீல் குமாஸ்தா என்பதும் பாகீரதிக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததோடு சரி. அன்று வாத்தின் காலை மறுபடி கட்டிப் புடவைத் தலைப்பில் சுற்றி இடுக்கிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். குளத்தைக் கையால் காட்டினாள். வாத்தை நீட்டினாள்.

பினோதினிக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு மதராஸிப் பெண் முதல் தடவையாக வீடு தேடி வந்திருக்கிறாள், அதுவும் குளிர்காலத்துக் கொழுத்த பூதி வாத்தோடு. முங்கும் வாத்துகளை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள். சமையற்காரி வந்து வாத்தின் எடையைக் கையிலேயே நிதானித்துப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த அரிவாள்மணையை இழுத்து நிமிர்த்தினாள்.

பாகீரதிக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவில் குழந்தைகளை அதட்டும் தாய்மார்கள் கூடாது என்பதற்குச் சொல்லிக் கேட்ட ஒரே ஒரு வங்காளிச் சொல் அவளுக்கு நினைவு வந்தது.

"நா" என்றாள். "நா, நா, நா." சொல்லிக்கொண்டே சமையற்காரியின் கையிலிருந்து வாத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பினோதினி திகைத்து நின்றாள். பிறகு வாத்தைப் பார்த்தாள், பாகீரதியின் முகத்தைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்காமலே பாகீரதியின் தோளில் கை போட்டுப் படித்துறைக்குக் கூட்டிப்போனாள்.

கட்டை அவிழ்த்து வாத்தைத் தண்ணீரில் விட்டார்கள். இரண்டு வீச்சு நீந்தியது. குனிந்து ஒரு துள்ளுத் துள்ளி உள்ளே போயிற்று. காணவில்லை. இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். நீரில் வட்டங்கள் அடங்கிவிட்டன. பினோதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கால் கட்டியே கிடந்ததில் மரத்துப்போய் முழுகிச் செத்துவிட்டதோ என்று பாகீரதிக்கு அழுகை வந்தது. அப்போது குளத்தின் அந்தக் கரையில், நினைக்காத இடத்தில், வாயில் பாசியோடு அது மேலே வந்து தலையைச் சிலுப்பிற்று.

அன்று சாயங்காலம் வைத்தீஸ்வரன் வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். அரிவாள்மணையைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிபாரண் பாபு வந்தார். ஒல்லியான மனிதர், கம்பளிச் சால்வையும் மூக்குக்கண்ணாடியும். படித்துறையில் உட்கார்ந்து காலை முழுவதும் பார்த்தார். வைத்தீஸ்வரனும் அவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அவன் பிறகு பாகீரதிக்குச் சொன்னான். புது ஜாதி என்பதை நிபாரண் பாபு ஏற்கவில்லை. ஒன்று, இது நிறம் முதிராத கிழக்கத்தி இளசு. இல்லாவிட்டால் இரண்டு ஜாதியும் கலந்து பிறந்த கலப்பு. இளசா, கலப்பா என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொன்று வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த குளிர்காலம் வரை வளர்த்துப் பார்க்கலாம். இளசாக இருந்தால் தலை முழுக்கப் பச்சைக் கறுப்பாகிவிடும். தானே இப்படி ஒன்றைக் கலப்பு என்று சொல்லி, அது பிறகு சாதாரண இளசாக மாறித் தன்னை ஏமாற்றியதை அவர் மறைக்காமல் சொன்னார்.

வளர்த்துப் பார்க்கலாம் என்றான் வைத்தீஸ்வரன். வலைக்காரர்களே சிறகை வெட்டியிருந்ததால் பறக்காது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. வைத்தீஸ்வரனோடு ஆபீஸில் இருந்த சந்தானம், அவன் டிரெட்டி பஜாரில் வாத்துக் கூடையோடு நடந்ததைப் பார்த்திருந்தார். அதைத் தன் மனைவி ராஜலக்ஷ்மியிடம் சொன்னார். அவள் மூலம் அது மற்ற வீடுகளுக்குப் போகும்போது கூடையிலிருந்த வாத்து சட்டிக்குள் போய்விட்டது. தை மாதம் ராஜலக்ஷ்மியின் பெண்ணுக்குக் காதுகுத்து. கல்கத்தாவில் அவர்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது, பாகீரதிக்கு வரவில்லை. வைத்தீஸ்வரன் போய்ச் சொல்லி விளக்குகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் பாகீரதி. அழைக்காத வீட்டில் போய், நாங்கள் வாத்துத் தின்னவில்லை என்று சொல்லி நிற்பதைவிடத் தின்றதாகவே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனாலும் அன்று பகல் முழுக்கப் படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தினம் இரண்டு வேளை நெல் கொண்டுபோய்ப் போடுவாள். முதலில் அவள் போன பிறகுதான் வரும். பிறகு அவள் இருக்கும்போதே வந்தது. மாசியில் அதன் கண் தெளிந்து பால் வெள்ளையாயிற்று. ஆண்தான் என்று தெரிந்தது. பங்குனியில் மேல்படிவரை ஏறிவந்து, கால் உடம்பின் பின்பக்கமாக அமைந்திருப்பதால் குடித்தவன் மாதிரித் தள்ளாடி நின்று, அவள் கையிலிருந்து நெல்லைக் கொத்தியது. பினோதினி படியில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். மீனுக்கும் மீன் வாசனைக்கும் பாகீரதி முகம் சுளிப்பதைப் பார்த்து, அந்த வேலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாள். பூசணிக்காய்க்கு என்ன பெயர், மழைக்கு என்ன பெயர், நாத்தனாருக்கு என்ன பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, சித்திரைக்குள் பாகீரதி தப்பும் தவறுமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். பினோதினியை, அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும்படி, தீதி என்று கூப்பிட்டாள்.

வைகாசியில் வைத்தீஸ்வரனைச் சக்ரதர்பூர்ப் பக்கம் ஒரு பால வேலைக்கு அனுப்பினார்கள். திரும்ப ஐப்பசி ஆகலாம். பாகீரதியை ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று அவன் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். பினோதினி வீட்டு வேலைக்காரி இரவில் துணைக்குப் படுத்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. வாத்தின் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வை என்று சொல்லிவிட்டு அவன் ரயிலேறினான்.

மழை பிடித்துக்கொண்டது. குளம் படியேறி வந்தது. ஆவணி வாக்கில் வாத்துக்கு என்னவோ நேர்ந்தது. இருந்த கொஞ்சநஞ்ச மினுக்கும் போய்ச் சேறு மாதிரி ஆகிவிட்டது. ஆகாயத்தாமரைக்குள்ளே ஒளிந்துகொண்டு வெளியே வரவில்லை. ஒருநாள் படியோரத்தில் இறகுகள் மிதந்தன. வெட்டுப்பட்ட நுனியோடு நீள இறகுகள். பூனையோ கீரியோ பிடித்துவிட்டது என்று பாகீரதி அலறிப்போய்ப் பினோதினியைக் கூப்பிட்டாள். பினோதினி இறகுகளைப் பொறுக்கிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. தன் பிறந்த வீட்டு வாத்துகளும் மழைக்காலத்தில் இப்படித்தான் உதிர்க்கும், பயப்படாதே என்றாள். சாயங்காலம் ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவிலிருந்து அந்த வெள்ளைக்கண் மட்டும் தெரிந்தது. பாகீரதி நெல்லை அந்தப் பக்கமாகவே வீசிவிட்டு வந்தாள். ஒரு மாதம் அப்படியே போயிற்று.

நவராத்திரி வந்தது. வங்காளிகளுக்கு அது துர்க்கா பூஜை. சந்து முழுக்க மேளச் சத்தம். பாகீரதி இருந்த பொம்மைகளை வைத்துச் சின்னக் கொலு வைத்தாள். தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி அழைத்தாள், ராஜலக்ஷ்மி உள்பட. ராஜலக்ஷ்மி வந்தாள். வந்தவள் கொலுவை விட்டுவிட்டு அடுக்களையைத்தான் பார்த்தாள். பாகீரதி அவளைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய்ப் படித்துறையில் நின்று நாக்கைச் சொடுக்கினாள்.

ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து வாத்து வெளியே வந்தது. சாய்ந்த வெயில் குளத்தில் கிடந்தது. பாகீரதியே அன்றுதான் அதை முழுசாகப் பார்த்தாள். சேற்று நிறம் போய்விட்டிருந்தது. நேராக வரும்போது தலையும் கழுத்தும் அரக்குச் சிவப்பு. அது பக்கவாட்டில் திரும்பியதும் அதே தலை பச்சை. மறுபடி திரும்பியதும் சிவப்பு.

ராஜலக்ஷ்மி படியில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். "மயில்கழுத்துப் பட்டு மாதிரின்னா இருக்கு" என்றாள்.

வாத்து படியேறி வந்து பாகீரதியின் கையில் நெல் தின்றது. ராஜலக்ஷ்மி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள், சுண்டலை மட்டும் ஏதோ விரதம் என்று சொல்லித் தவிர்த்துவிட்டாள். அந்த விரதம் தை மாதம் வரை நீடித்தது. பிறகு அவளாகவே ஒருநாள் வந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஐப்பசிக் கடைசியில் வைத்தீஸ்வரன் திரும்பினான். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே குளத்துக்குப் போனான். பாகீரதி பின்னாலேயே போய், எந்த மாதத்தில் எந்த நிறம் என்று சொன்னாள். பாக்கு நிறம், சேற்று நிறம், அரக்கு என்று புடவை நிறங்களாகவே சொன்னாள். அவன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே பறவையைப் பார்த்தபடி நின்றான்.

"தலை பூராப் பச்சையா வரல்லை" என்றான்.

"வரல்லை. இனிமேலும் வராதுன்னு தோண்றது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்தா இப்படித்தானே வரும். ரெண்டும் இருக்கும், ஒரே நிறமா நிக்காது."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். முதிர்ந்த பறவை, கண் வெள்ளை, முழு நிறமும் ஏறிவிட்டது, அப்படியும் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. கலப்புதான். புது ஜாதி இல்லை என்பது நிபாரண் பாபு சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷமாக மனசின் ஒரு மூலையில் அதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். சற்று நேரம் கழித்து, நெல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தானே வீசினான். வாத்து அவன் பக்கம் வரவில்லை.

நிபாரண் பாபு இந்தத் தடவை ஒரு துரையை அழைத்துவந்தார். டாக்டர் மெல்வில் என்று பெயர்; பட்டாளத்து வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர்; பறவைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்துறையில் நின்று தூரக்கண்ணாடியால் பார்த்தார். பொறுமையான மனிதர். வைத்தீஸ்வரன் அந்த வாத்தை வரைந்து வைத்திருந்த வர்ணப் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார். தன் கண்ணுக்கு இது கலப்புதான் என்றும், ஆனால் கண் சொல்வதைச் சாட்சியாக யாரும் ஏற்கமாட்டார்கள் என்றும் சொன்னார். தோலைப் பாடம் செய்து லண்டனுக்கு அனுப்பி, அங்கே இரண்டு ஜாதியின் தோல்களோடும் வைத்துப் பார்த்தால் நிச்சயமாகச் சொல்லலாம். கண்டெடுத்தவர் என்று வைத்தீஸ்வரனின் பெயரைத் தானே எழுதுவதாகச் சொன்னார். யோசித்து அடுத்த வாரம் பதில் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தீஸ்வரன் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, பாகீரதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். லண்டன் மியூசியத்தில் பறவையின் காலில் கட்டும் சீட்டில் பெயர் இருக்கும், நூறு வருஷம் ஆனாலும் இருக்கும் என்றான்.

அவனுடைய ஆசை எவ்வளவு பெரியது என்று பாகீரதிக்குத் தெரியும்.

"உங்க வாத்துதான். நீங்கதான் வாங்கிண்டு வந்தேள். குடுக்கணும்னா நான் குறுக்கே நிக்கமாட்டேன்" என்றாள். பிறகு, "ஆனா நான் கூப்பிட மாட்டேன். என் குரலுக்குத்தான் அது படியேறி வரும். வலை போட்டுப் பிடிச்சுக்கச் சொல்லுங்கோ. அன்னிக்கு நான் தீதியாத்துக்குள்ள போய் உக்காந்துக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனால் எதிர்த்துச் சொல்ல முடியவில்லை. உயிரோடேயே அளந்து வரைந்துகொள்வதற்குப் பறவையைக் கையில் பிடித்துக்கொள்ள அவளால் முடியுமா, அது பொறுத்துக்கொள்ளுமா என்று கேட்டான். பொறுத்துக்கொள்ளும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, பாகீரதி படித்துறையில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினாள். வாத்து வந்தது. மெல்ல இரண்டு கையாலும் அணைத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது, கொஞ்சங்கொஞ்சமாகத் தணிந்தது. நிபாரண் பாபு, "சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், பௌதி" என்று, அண்ணியை அழைப்பதுபோல் வங்காளியில் சொல்லிவிட்டு, அலகின் நீளம், சிறகின் நீளம், காலின் நீளம் எல்லாம் அளந்தார். சிறகை விரித்து ஒவ்வோர் இறகாகப் பார்த்தார். மார்புச் சிவப்பு தலைச் சிவப்போடு எங்கே சேர்கிறது என்று கோடு தேடினார், கோடு இல்லை. வைத்தீஸ்வரன் எதிரில் உட்கார்ந்து வரைந்தான். பினோதினி மேல்படியில் நின்று, வெயில் பறவையின் கண்ணில் படாமல் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மெல்வில் நெருங்கி வராமல் கீழ்ப்படியிலேயே நின்று பார்த்தார். அளவுகளைக் கேட்டு, அலகு இரண்டு ஜாதிக்கும் நடுவில் வருகிறது என்றார். உயிருள்ள பறவையின் அளவும் காய்ந்த தோலின் அளவும் சரியாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். தோல் கிடைக்காது என்று வைத்தீஸ்வரன் தெரிவித்தபோது, அவர் கொஞ்சம் வருந்தினார், வற்புறுத்தவில்லை.

போகும்போது நிபாரண் பாபு ஒன்று சொல்லிவிட்டுப் போனார். சிறகு முழுக்க வளர்ந்திருக்கிறது, வெட்டாவிட்டால் போய்விடும்.

வைத்தீஸ்வரன் அதைப் பாகீரதியிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். கத்தரிக்கோல் இருக்கும் இடம் இருவருக்கும் தெரியும். மார்கழி போயிற்று, தை போயிற்று, யாரும் எடுக்கவில்லை.

மாசியில் ஒருநாள் காலை. பாகீரதி நெல்லோடு படியிறங்கும்போது வாத்து குளத்தின் நடுவில் இருந்தது. நாக்கைச் சொடுக்கினாள். திரும்பிப் பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, சிறகை அடித்துக்கொண்டு தண்ணீர்மேலேயே ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் தரையில் தள்ளாடிய அந்தக் கால்கள் இப்படி ஓடும் என்று அவள் நினைத்ததில்லை. குளத்தின் நீளம் போதாமல் போய்விடும், சுவரில் மோதிக்கொள்ளும் என்று பதறினாள். சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் எழும்பியது. சிறகில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. தென்னைமரத்தைச் சுற்றி ஒரு தடவை வந்தது. பிறகு வடக்கே பினோதினி வீட்டு மாடிக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

அன்று அவள் சமைக்கவில்லை. பினோதினி வந்து, தானும் அழுதுவிட்டு, அவல் நனைத்துக் கொடுத்தாள். வைத்தீஸ்வரன் சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டு, எந்தத் திசையில் போயிற்று என்று மட்டும் விசாரித்தான். அவள் காட்டினாள். இருவரும் அந்தப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்.

டாக்டர் மெல்வில் சொன்னபடி எழுதினார். பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. இரண்டு வெள்ளைக்கண் ஜாதிகளின் கலப்பாக இருக்கக்கூடிய பறவை என்றும், நிச்சயமாகச் சொல்வதற்கில்லை என்றும் இருந்தது. அதைக் கண்டதும் வளர்த்ததும் வரைந்ததும் வைத்தீஸ்வரன் என்று பெயர் போட்டிருந்தது. அவன் அதைப் பாகீரதிக்குத் தமிழில் படித்துச் சொன்னான். வளர்த்தது யார் என்பதில் துரை தவறு செய்துவிட்டார் என்றான். அவள் சிரித்தாள். "இருக்கக்கூடிய" என்ற சொல் முதலில் அவனைக் குத்தியது. நாளாக ஆக அதுதான் சரியான சொல் என்று அவனுக்கே தோன்றத் தொடங்கியது. மற்றபடி அவன் ஓய்வுபெறும் வரை பாலங்களையே வரைந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் வாத்துகளையும்.

அந்த வருஷம் குளிர் திரும்பியபோது பாகீரதி, வாத்துகள் வந்து இறங்கும் இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, வைத்தீஸ்வரன் பேலியாகாட்டாக் கால்வாயில் ஒரு படகு பேசினான். நிபாரண் பாபு தூரக்கண்ணாடியோடு வந்தார். பினோதினி பொரி, வெல்லம், ஒரு குடம் தண்ணீர், இரண்டு கம்பளியோடு வந்தாள். கால்வாய் தாண்டி உப்பு ஏரியில் படகு நுழைந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அதன் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை மிதந்தது. தீவு என்றுதான் பாகீரதி நினைத்தாள். படகு கொஞ்சம் நெருங்கியதும் அது கலைந்து மறுபடி கூடியது. அத்தனையும் வாத்து.

கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்கள். பிடிக்கத் தெரியாமல் முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு பறவைகள் கிடைத்தன. ஒன்று முங்கியது, பத்து எழுந்தன. எல்லாம் கறுப்பாக, தூரத்தில், ஒன்றுபோல் ஆடிக்கொண்டிருந்தன. சாதாரணமா, கிழக்கத்தியா, ஆணா, பெண்ணா, எதுவும் தெரியவில்லை.

"எல்லாம் ஒண்ணாத்தான் தெரியறது" என்றாள்.

"எனக்கும்" என்றான் வைத்தீஸ்வரன்.

பினோதினி பொரி மூட்டையைப் பிரித்து, எல்லாருக்கும் பங்கு வைத்து, கண்ணாடியை இப்படிக் கொடு, நானும் பார்க்கிறேன் என்று கை நீட்டினாள். இரு தீதி, இன்னும் கொஞ்சம் என்று வங்காளியில் சொல்லிவிட்டு, பாகீரதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.